நாலாம் மாடிக் கீரை

என் தம்பியை இந்தக் கட்டடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒன்பது மாடிக்கும் அவன் 'கூலிங்'. "கூலிங்கை வரச் சொல்லுங்க, ரூம் வேகுது" என்று போன் போகும். ஐந்தாவது நிமிடம் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். அவன் ஏசி மெக்கானிக். நான் அதே அலுவலகத்தின் தரைத்தளத்துக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. அவனை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். மாதம் ஒருமுறையாவது அதை அவனுக்கு ஞாபகப்படுத்துவேன். கூடப் பிறந்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் உடைந்த கண்ணாடி டம்ளரிலிருந்துதான் தொடங்க வேண்டும். சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேருமே கைக்கு வந்ததையெல்லாம் போட்டு உடைப்போம். நான் உடைத்தால் சில்லுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு விளையாடப் போய்விடுவேன். அவன் உடைத்தால் சில்லுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா வேலையிலிருந்து வரும்வரை வாசலிலேயே நிற்பான். "உடைச்சுட்டேன்மா" என்பான். அடி விழும். கட்டிலுக்கு அடியில் கிடந்தவற்றுக்கும் சேர்த்து அவனுக்கே விழுந்த நாட்கள் உண்டு. பிழைக்கத் தெரியாதவன் என்று அப்போதே அவனுக்குப் பட்டம் கட்டிவிட்டேன்.

படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. ஒரு ஏசி பழுது பார்க்கும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, நாலே வருடத்தில் முதலாளிக்கே பழுது கண்டுபிடித்துச் சொல்லும் அளவுக்கு வந்தான். இயந்திரத்தின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மோட்டார் நல்லா இருக்கு, ஃபேன் இறக்கையில தூசி" என்பான். திறந்து பார்த்தால் தூசிதான் இருக்கும். அப்படிப்பட்டவன் இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது.

எங்கள் கட்டடத்தைக் கொஞ்சம் கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். முன்பக்கம் மூன்று மாடியோடு நின்றுவிடும். பின்பக்கம் ஒன்பது மாடி. முன்பக்கத்தின் மேல்தளம், பின்பக்கத்து நாலாம் மாடிக் கதவைத் திறந்தால் காலடியில் கிடக்கும் மொட்டைமாடி. அந்தத் தளத்தை எல்லோரும் சபிப்பார்கள். மேலே ஐந்து மாடிகளில் இருக்கும் அறுபது ஏசிகளும் சொட்டுச் சொட்டாக அதில்தான் தண்ணீரைக் கொட்டும். பாசி பிடித்து, கால் வைத்தால் வழுக்கும். மழை பெய்யாத மாதத்திலும் மூன்றாம் மாடிக் கூரை ஒழுகும். ஒழுகினால் யாரைத் திட்டுவார்கள்? கூலிங்கைத்தான்.

"அக்கா, ஒரு ஏசி நாளைக்கு ஒரு குடம் தண்ணி விடுது. அறுபது ஏசி, அறுபது குடம். நீ கேன்டீன்ல லாரித் தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருக்க, இங்க அறுபது குடம் பாசிக்குப் போகுது" என்று ஒருநாள் வந்து புலம்பினான். புலம்பியதோடு விட்டிருந்தால் அவன் என் தம்பி இல்லை. அறுபது குழாயையும் ஒரே குழாயில் இணைத்து, நாலாம் மாடியில் இரண்டு பெரிய டிரம்மில் விழ வைத்தான். தளத்துக்கு ஒழுகாத பூச்சு பூச வைத்தான். பிறகு, அங்கே கீரை போட அனுமதி வேண்டும் என்று நிர்வாக அதிகாரியிடம் போய் நின்றான்.

நிர்வாக அதிகாரி ஒரு பெண்மணி. கைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளவு நாடா இருக்கும். மேசை வாங்கினாலும் அளப்பார், மேசைக்குப் பக்கத்தில் நிற்பவரையும் அளப்பதுபோலப் பார்ப்பார். அவர் பொறியாளரை அழைத்து வந்து, தளம் எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதி வாங்கினார். ஒரு சாண் ஆழத்துக்கு மேல் மண் கூடாது, அதிலும் பாதி தேங்காய் நார்த்தூளாக இருக்க வேண்டும், ஒரு வருடம் பார்ப்போம் என்றார். அவன் கேன்டீனுக்குள் ஓடிவந்து என்னிடம் சொன்னபோது, அடுப்பில் இருந்ததை நான் அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். அதற்கு அவன்மேல்தான் எரிந்து விழுந்தேன்.

அவன் மனைவிக்கும் இந்தத் தோட்டத்தில் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. "அண்ணி, வீட்டு ஃபேன் மூணு மாசமா கரகரன்னு கத்துது. இவர் அங்க கீரைக்குக் குழாய் மாட்டிக்கிட்டு இருக்கார்" என்று என்னிடம் நியாயம் கேட்பாள். நான் என்ன சொல்ல? எங்கள் வீட்டு ஃபேனும்தான் கத்திக்கொண்டிருந்தது.

முதல் இரண்டு மாதம் தோட்டம் சிரிப்பாய்ச் சிரித்தது. கீரை முளைத்தது, ஆனால் வெளிறிப்போய், தொட்டால் விழுந்துவிடும் போல நின்றது. "உன் கீரைக்கு ரத்தசோகைடா, டாக்டரைக் கூப்பிடு" என்று கேலி செய்தேன். அவன் ஒரு வாரம் யார் யாரையோ கேட்டு அலைந்துவிட்டு வந்தான். "ஏசித் தண்ணி வெறும் தண்ணி அக்கா. சுத்தமா இருக்கு, ஆனா அதுல சத்து எதுவுமே இல்ல. மண்ணுலயும் நான் ஒண்ணும் போடல. நீ தினம் மூணு தொட்டி காய்த்தோல் குப்பை வண்டிக்கு அனுப்புற இல்ல, அதைக் குடு" என்றான். இப்படித்தான் நானும் மாட்டிக்கொண்டேன். சமைப்பது போதாதென்று, மூடி போட்ட தொட்டிகளில் காய்த்தோலை மக்க வைத்துக் கிளறுவதும் என் வேலையானது.

எங்களோடு இன்னொருத்தரும் சேர்ந்தார், பாத்திரம் கழுவும் அம்மா. அவருக்கு ஏசித் தண்ணீர்மேல் நம்பிக்கையே வரவில்லை. "மெஷின் மூக்கு ஒழுகுற தண்ணியைச் செடிக்கு விடுறதாவது" என்பார். அதனால் சுவர் ஓரமாகத் தனியாக நாலு தொட்டி வைத்து, மஞ்சள் பூசணி போட்டு, நாங்கள் காய் கழுவிய தண்ணீரை வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினார். லிஃப்டில் அவர் வாளியோடு ஏறினால் கோட்டு போட்டவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

நாலாவது மாதம் முதல் அறுப்பு. பதினொரு கட்டு. நான் முகர்ந்து பார்த்தேன், பச்சையாகக் கடித்துப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் "மண்ணு ஒட்டியிருக்கு, நல்லா உதறிக் கொண்டுவாடா" என்றேன். அவன் போனபிறகு ஒரு கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குக் கர்வமாக இருந்தது. சந்தைக் கீரை இரண்டு நாள் லாரியில் உட்கார்ந்து தலை தொங்கிப்போய் வரும். இது ஒன்பது மணிக்கு அறுத்து, பன்னிரண்டரைக்குத் தட்டுக்கு வந்தது. வாரத்தில் மூன்று நாள் மாடிக் கீரை என்று ஆனதும், அந்த மூன்று நாளும் வீட்டிலிருந்து டப்பா கொண்டு வருகிறவர்கள்கூட வரிசையில் வந்து நின்றார்கள்.

வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது பேச்சு எழுந்தது. பழைய கோப்புகளை அடுக்க இடமில்லை, அந்த மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டுவிடலாம் என்று மேலிடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிர்வாக அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் அழைத்தார்.

"ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வேண்டிய காய், கீரை எல்லாம் மாடியிலிருந்தே வரட்டும். நானூறு பேர் சாப்பிடணும். வர்ற வியாழக்கிழமை. முடிஞ்சா தோட்டம் நிரந்தரம்னு நான் எழுதிக் கொடுக்கறேன். முடியலன்னா கொட்டகைதான். என்னால தடுக்க முடியாது" என்றார்.

"முடியும் மேடம்" என்றான் என் தம்பி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் எனக்கும் சந்தேகம் இல்லை. மூன்று வரிசைப் பாத்தியிலும் கீரை முழங்கால் உயரம் நின்றது. தக்காளி சிவந்துகொண்டிருந்தது. நான் மனசுக்குள் பட்டியல் போட்டு முடித்துவிட்டேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வேலைக்கு வந்தபோது, கேன்டீன் பின்வாசலில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அவன் உட்கார்ந்திருந்தான். வழக்கமாக எட்டு மணிக்குத்தான் வருவான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன்."

சின்ன வயதில் கண்ணாடிச் சில்லோடு நின்ற அதே முகம்.

நடந்தது இதுதான். ஏசியின் உள்ளே 'காயில்' என்று ஒரு குளிர்க்குழாய்ச் சுருள் இருக்கும், அதை மருந்து தெளித்துக் கழுவுவார்கள். கையில் பட்டாலே எரியும் மருந்து. கழுவின தண்ணீர் அதே சொட்டுக் குழாய் வழியாகத்தான் கீழே வரும். அதற்காகவே டிரம்முக்கு முன்னால் அவன் ஒரு வால்வு வைத்திருந்தான். ஒரு பக்கம் திருப்பினால் தண்ணீர் டிரம்முக்கு, மறுபக்கம் திருப்பினால் சாக்கடைக்கு. ஏசி கழுவுவது எப்போதும் விடுமுறை நாளான சனிக்கிழமைதான். சனிக்கிழமை காலையில் முதல் வேலையாக நாலாம் மாடிக்குப் போய் வால்வைத் திருப்பிவிட்டுத்தான் ஏணியையே தொடுவான்.

இந்த முறை செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஏழாம் மாடியில் நிர்வாக அதிகாரியின் அறையிலேயே ஏசி உள்ளே ஒழுகியிருக்கிறது. ஓடியிருக்கிறான். திறந்தால் காயில் முழுக்க அழுக்கு. அழுக்கைப் பார்த்துவிட்டு மூட அவனால் முடியாது. மருந்தை எடுத்துக் கழுவிவிட்டான். சரி, அதோடு விட்டானா? மருந்து டப்பாவைத் திறந்தாயிற்றே என்று அந்த மாடியில் இருந்த மற்ற ஏழு ஏசியையும் கழுவித் தள்ளியிருக்கிறான். "ஒண்ணைக் கழுவிட்டு மத்ததை அழுக்கோட விட மனசு வரல அக்கா." வேலையில் சோம்பேறியாக இருந்திருந்தால் இந்த வினையே வந்திருக்காது. வால்வு மூன்று மாடிக்குக் கீழே, டிரம் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. புதன் காலை ஆறு மணிக்கு, செடிக்குத் தண்ணீர் விட அவன் மாட்டியிருந்த டைமர் தானாக ஓடி, டிரம் தண்ணீர் முழுவதையும் மூன்று வரிசைப் பாத்திக்கும் விட்டுவிட்டது.

மேலே கூட்டிப் போனான். டிரம்மின் விளிம்பில் வெள்ளையாக நுரை ஒட்டியிருந்தது. ஆனால் பாத்தியில் கீரை சிரித்துக்கொண்டு நின்றது. இலையில் ஒரு புள்ளி கிடையாது. பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அப்போது நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவனைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இதை மறைத்தால், மறுபடியும் கட்டிலுக்கு அடியில் தள்ளியதாகிவிடும். நான் சொன்னேன்: "வேருக்குத்தானேடா போயிருக்கு. இலையை நாலு தண்ணி கழுவி வேகவெச்சா என்ன ஆயிடப் போகுது? நாளைக்கு ஒரு நாள். யாருக்குத் தெரியும்?"

அவன் கோபப்படவில்லை. "நீ சாப்பிடுவியா?" என்று மட்டும் கேட்டான்.

நான் ஒரு இலையைக் கிள்ளினேன், வாயில் வைக்காமல் கீழே போட்டேன்.

"நீயே சாப்பிட மாட்ட. நானூறு பேர் கேள்வி கேட்காம தட்டை நீட்டுறாங்க அக்கா, உன் கையை நம்பி."

"எனக்கே பாடம் எடுக்காதடா" என்று கத்தினேன். இருபத்தாறு வருடம் கரண்டி பிடித்தவள் நான். கத்திவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் பாத்தியில் நானே கை வைத்தேன். இருவரும் பிடுங்கினோம். பாத்திரம் கழுவும் அம்மாவும் வந்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சாக்கைப் பிரித்துப் பிடித்தார். தக்காளியையும் விடவில்லை. எட்டுச் சாக்கு. மக்க வைக்கும் தொட்டியில்கூட அதைப் போட அவன் சம்மதிக்கவில்லை, மருந்து சுற்றிச் சுற்றி மறுபடி மண்ணுக்கே வரும் என்றான். ஒரு வருட உழைப்பு சாக்கில் கிடந்தது.

பத்து மணிக்கு நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். "என்னடா சொன்னாங்க?" என்றேன். "நாளைக்குச் சாப்பிட வர்றேன்னு சொன்னாங்க" என்றான்.

வியாழக்கிழமை. மாடியில் மிச்சம் இருந்தது பாத்திரம் கழுவும் அம்மாவின் பூசணி மட்டும். ஏசித் தண்ணீர் ஒரு சொட்டுப் படாதது. பெரிதும் சிறிதுமாக ஆறு காய். நானூறு பேருக்கு ஆறு பூசணியை எப்படிப் பங்கு போடுவது? சமையல்காரிக்கு இதுகூடத் தெரியாவிட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். சூப் வைத்தேன். ஆளுக்குச் சின்னக் கோப்பை ஒன்று. மற்ற காய்கறியெல்லாம் சந்தையிலிருந்து வந்தது.

பன்னிரண்டு மணிக்கு, வாசலில் நான் தினமும் சமையல் பட்டியல் எழுதும் கரும்பலகைக்கு முன்னால் அவன் வந்து நின்றான். "சாக்பீஸ் குடு. இன்னைக்கு நான் எழுதறேன்."

"மேடம்கிட்ட சொல்லியாச்சு இல்ல, போதாதா? ஊருக்கே தண்டோரா போடணுமா?"

"சாப்பிடறது அவங்க மட்டும் இல்லையே" என்றான்.

அவன் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஆனாலும் படிக்க முடிந்தது. 'இன்று மாடிக் கீரை இல்லை. செவ்வாய்க்கிழமை ஏசி கழுவிய மருந்துத் தண்ணீர் பாத்திக்குப் போய்விட்டது. வால்வைத் திருப்ப மறந்தது நான். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டோம். புதன்கிழமை எதுவும் அறுக்கவில்லை. பூசணிக்கு அந்தத் தண்ணீர் போகவில்லை. கூலிங்.'

பன்னிரண்டரைக்குக் கூட்டம் வந்தது. ஒருவர் படித்து, பின்னால் வருபவருக்குச் சொல்லி, வாசலே அடைத்துக்கொண்டது. அவன் ஓடி ஒளியவில்லை. பலகைக்குப் பக்கத்திலேயே ஏணியைச் சாய்த்துவிட்டு நின்றான். கணக்குப் பிரிவில் ஒருவர் இருக்கிறார், எதையும் லேசில் நம்பாதவர். நான் காப்பி போட்டால்கூட இது நேற்றைய பாலா என்று கேட்பார். அவர் முன்னால் வந்தார்.

"இதுக்கு முன்னாடி இப்படி எத்தனை தடவை நடந்திருக்கும்?"

"நடந்திருந்தா அன்னைக்கே பலகையில எழுதியிருப்பேன் சார்."

கணக்குப் பிரிவுக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "ஒரு சூப்" என்றார்.

நிர்வாக அதிகாரி ஒரு மணிக்கு வந்தார். பலகையை முழுவதும் படித்தார். வரிசையில் நின்று சூப் வாங்கிக்கொண்டு, கோப்பையைக் கையில் வைத்தபடியே, "அந்த வால்வைக் காட்டுங்க" என்றார். நாலாம் மாடிக்குப் போனோம். வெறும் பாத்திகளைச் சுற்றி நடந்தார். அளவு நாடாவை எடுப்பார் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. சூப்பைக் குடித்து முடித்துவிட்டு, வால்வுக்கு முன்னால் நின்றார்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"தெரிஞ்சிருக்காது மேடம்."

"நிரந்தரம்னு எழுத முடியாது. சொன்ன சொல்லு அப்படி. இன்னும் ஒரு வருஷம்னு எழுதறேன். கோப்புகளுக்கு அடித்தளத்துல இடம் பார்க்கச் சொல்றேன். ஆனா இந்த வால்வுக்குப் பூட்டுப் போடணும். எப்பவும் சாக்கடைப் பக்கமே பூட்டியிருக்கட்டும். குழாயில மருந்துத் தண்ணி எதுவும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டாத்தான் டிரம் பக்கம் திறக்கணும்."

"சரிங்க மேடம். சாவியை நான்..."

"உங்ககிட்ட இல்ல. நீங்க ஏசியைப் பார்த்தா எல்லாத்தையும் மறந்துடுறீங்க. சாவி கேன்டீன்ல இருக்கட்டும்" என்று என்னைப் பார்த்தார்.

மண்ணை அலசி, பழையதை வாரிக் கொட்டி, புது நார்த்தூள் போட்டு, மறுபடி கீரை தலையெடுக்க நாலு மாதம் ஆயிற்று. நாலு மாதமும் என் காய்த்தோலைத்தான் தின்றது. இப்போது பழையபடி வாரம் மூன்று நாள் அறுக்கிறோம். தக்காளிக்கு ஒரு வரிசை கூட்டியிருக்கிறோம்.

போன வாரம் அந்தக் கணக்குப் பிரிவுக்காரர் வேலை முடிந்து கேன்டீனுக்கு வந்தார். கொஞ்சம் தயங்கினார். "அம்மா, மாடிக் கீரை ரெண்டு கட்டு வீட்டுக்குக் கிடைக்குமா? பொண்ணு மாசமா இருக்கா. டாக்டர் தினம் கீரை சேர்த்துக்கச் சொல்லியிருக்கார்."

"கீரை கடையில கிடைக்காதா சார்?" என்றேன். எனக்கு வம்பு பிடிக்கும்.

"கிடைக்கும். ஆனா கடைக்காரன் பலகையில எழுத மாட்டானே" என்றார்.

இருந்ததில் நல்லதாக மூன்று கட்டுப் பொறுக்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தேன். பிறகு லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறி ஐந்தாம் மாடிக்குப் போனேன். அவன் ஏணியின் உச்சியில், தலையை ஏசிக்குள் விட்டுக்கொண்டு நின்றிருந்தான். கீழே நின்று கணக்குப் பிரிவுக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். தலை வெளியே வரவில்லை. ஸ்குரூ டிரைவரை மட்டும் கீழே இறக்கினான்.

"உனக்குத் தப்பாப் பட்டம் கட்டிட்டேன்டா, சின்ன வயசுல" என்றேன்.

"என்ன பட்டம்?"

"ஒண்ணுமில்ல, வேலையைப் பாரு."

இந்தத் திங்கட்கிழமை காலை கேன்டீன் பின்வாசலில் வந்து நின்றான். "அக்கா, சனிக்கிழமை சர்வீஸ் முடிஞ்சதும் குழாயை அலசி விட்டுட்டேன். இனி டிரம்முக்குத் திருப்பணும். சாவி" என்றான். காது கேட்காதவள்போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை கேட்டான். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தேன். கையெழுத்துப் போடு என்று நோட்டை நீட்டினேன். போட்டான். இன்னும் கோழிக் கிறுக்கல்தான்.